கொட்டை எழுத்து

சேந்த்-ஆந்த்ரே நகராட்சி, மாடி அறை.
புயலுக்கு மஞ்சள் எச்சரிக்கை என்று
வானொலி சொல்லிக்கொண்டிருந்த காலையில்
என் மேசைக்கு வந்த வேலை:
பள்ளிச் சாப்பாட்டுக் காசு பாக்கி வைத்தவர்கள்
ஆயிரத்து நூற்று நாற்பது பேர்.
அத்தனை பேரும் கொட்டை எழுத்தில்.

"பட்டியலே கத்துகிறது" என்றாள்
மரி-லீன் கிரோந்தேன்.
"கடன் கேட்கிற கடிதம்.
குரலாவது தாழட்டும்."

நான் காரைக்காலில் பிறந்தவள்.
என் எழுத்துக்குக் கொம்பு உண்டு, கால் உண்டு,
சுழி உண்டு, விலங்குகூட உண்டு.
பெரியது சிறியது மட்டும் கிடையாது.
கலெக்டர் பெயரும் கருவாட்டுக்காரி பெயரும்
ஒரே உயரத்தில் உட்காரும்.
எழுத்தையும் எழுந்து நிற்கச் சொல்லலாம் என்று
ரெயூனியோனுக்கு வந்துதான் தெரிந்துகொண்டேன்.

பக்கத்தில் வெற்று நெடுவரிசை ஒன்று செருகினேன்.
சமக்குறி. நோம்ப்ரோப்ர்.
அடைப்புக்குறிக்குள் பக்கத்துக் கட்டத்தின் விலாசம்.
ப்ரோப்ர் என்றால் சொந்தம்.
துவைத்து உலர்த்திய சட்டையையும்
அப்படித்தான் சொல்கிறார்கள்.
மூலையில் இரட்டைச் சொடுக்கு.
சலாசி மலை அருவிபோல்
கடைசி வரிசைவரை விழுந்தது சூத்திரம்.

வயாபூரி உட்கார்ந்தார்.
கருப்பேன் உட்கார்ந்தார்.
லச்சுமானேன், முத்துசாமி, ஓவாரோ, பாயே,
முதல் எழுத்தில் மட்டும் தலை நிமிர்த்தி
மீதியில் தோளைத் தளர்த்தி
வங்கி வரிசையில் நாற்காலி கிடைத்தவர்கள் மாதிரி.

இனி எதற்கு என்று பழைய நெடுவரிசையை நீக்கினேன்.
மறுகணம் ஆயிரத்து நூற்று நாற்பது பேருக்கும்
ஒரே பெயர்:
#ரெஃப்!

கத்தியவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான்
இவர்கள் மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கன்ட்ரோல், இசட்.
மூச்சு வந்தது.
நகலெடுத்து, மதிப்பை மட்டும் ஒட்டி,
ஒருமுறைக்கு மூன்றுமுறை பார்த்து,
அப்புறம் நீக்கினேன்.

கடிதம் போன மூன்றாம் நாள் தொலைபேசி.
மதாம் த பெல்வால்.
பெயருக்கு முன்னால் வரும் அந்த "த"
சின்ன எழுத்தாம்.
முந்நூறு ஆண்டாகச் சின்னதாம்.
யாரைக் கேட்டுப் பெரிதாக்கினீர்கள்?

சின்னதாக இருப்பதில்
இத்தனை பெருமை இருக்கும் என்று
யாருக்குத் தெரியும்.
மன்னிப்புக் கேட்டேன், சிறிதாக்கினேன்.
நாற்பத்தொரு யூரோ பாக்கியைப் பற்றி
அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

சினிமலே வீட்டிலிருந்து யாரும் அழைக்கவில்லை.
கொட்டை எழுத்தில் தட்டியவர் யாரோ
கடைசி எழுத்தின் தலைக்கீற்றை விட்டிருந்தார்.
பெரிதாக்கியபோது உதிர்ந்தது
சிறிதாக்கியபோது திரும்பவில்லை.
சினிமால் என்றுதான் படிப்பார் தபால்காரர்.
சூத்திரத்துக்கு அது பிழையில்லை.
எனக்குத் தெரியும்,
புள்ளி போனால் பல், பல.

அடுத்த கடிதத்துக்காவது ஆகட்டும் என்று
பதினேழு சினிமலேக்களுக்கும்
ஒவ்வொன்றாக, கையால், கீற்று வைத்தேன்.
மரி-லீன் விளக்கை அணைத்துவிட்டுப் போயிருந்தாள்.

புயல் மொரீஷியஸ் பக்கம் திரும்பிவிட்டது,
மழையை மட்டும் இங்கே விட்டுவிட்டு.
நனைந்து வீட்டுக்கு வந்தால்
தபால் பெட்டியில் ஒரு கடிதம்.
நானே அச்சிட்டு நானே மடித்தது.
எண்ணூற்றுப் பன்னிரண்டாம் வரிசை,
கட்டத்துக்குள் அடங்காமல்
அடுத்த கட்டத்தில் கால் நீட்டும்
தட்சிணாமூர்த்தி:
அங்கே அப்பா பெயர்,
இங்கே குடும்பப் பெயர்.
மகன் சாப்பிட்ட இருபத்திரண்டு மதியங்கள்.

வாசலில் நின்றே படித்தேன்.
நீ சொன்னது சரிதான், மரி-லீன்,
குரல் தாழ்ந்துதான் இருக்கிறது.
தொகைக்குத்தான்
சின்ன எழுத்தே கிடையாது.