இடது காதில் யார்

பாகான் செராய், டயர் கடை மாடி.
ஒரு கணினி, ஒரு டேப் டெக், கழுத்து முறிந்த காற்றாடி.
கீழே ஆ லெக் காற்றடிக்கும்போதெல்லாம்
வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன்.
இருதயமேரி ஏறி வந்தது வெள்ளிக்கிழமை,
படிக்கு ஒரு மூச்சு வாங்கி.

கைப்பைக்குள் கைக்குட்டை, கைக்குட்டைக்குள் கேசட்.
எழுபத்து நாலில் அப்பாவும் அம்மாவும்
ஊரிலிருந்த பெரியப்பாவுக்குப் பேசி அனுப்பிய கடிதம்.
அனுப்பவில்லை.
தபாலுக்கு வைத்த காசு வேறெதற்கோ போனது.

பூஞ்சையைத் துடைத்தேன். உதிர்ந்த பஞ்சை
இன்னொரு கேசட்டிலிருந்து பிடுங்கி ஒட்டினேன்.
லயத்து அறை, தகரக் கூரை, மழை.
அப்பா "இங்கு யாவரும் நலம்" என்று தொடங்குமுன்
"மாடு செத்துப்போச்சுன்னு சொல்லுங்க" என்கிறாள் அம்மா.
பிறகு இருவரும் ஒரே நேரத்தில், லயம் தப்பி.

"ரெண்டு காதுக்கும் பிரிச்சுக் குடு தம்பி.
அப்பா இந்தப் பக்கம், அம்மா அந்தப் பக்கம்.
பழைய எல்பி அட்டையில போட்டிருப்பானே
ஸ்டீரியோன்னு, அது மாதிரி."

அந்த அட்டைகளை எனக்குத் தெரியும்.
ஒற்றை ஒலியை வாங்கி
அடித்தொண்டையை இடப்பக்கம் தள்ளி
கீச்சை வலப்பக்கம் ஒதுக்கி
மேலே கொஞ்சம் எதிரொலி தெளித்து
பழைய வேட்டிக்குக் கஞ்சி போட்டு விற்றார்கள்.

முதலில் அதையே செய்தேன்.
அப்பாவின் தொண்டை இடப்பக்கம் போனது,
அவருடைய 'ச'வெல்லாம் கழன்று
அம்மா பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது.
அம்மா இருமியது அப்பாவிடமிருந்து கேட்டது.
மழை மட்டும் சொன்னபடி கேட்டு
வலப்பக்கம் பெய்தது.

"நிசமாவே யாரு எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாங்க?"
"அப்பா செவரோரம்."
சந்தேகம் வந்து ஈப்போவுக்குப் போன் போட்டார்.
"அம்மாதான் செவரோரம், அப்பா வாசல்ல" என்றார் பெஞ்சமின்.
கால் மணி நேரம் அக்காவும் தம்பியும்
செத்தவர்களை மாற்றி மாற்றி உட்காரவைத்தார்கள்.
கண்ட சாட்சி அந்த ரெக்கார்டர் ஒன்றுதான்.
அதற்கும் ஒரே காது.

இன்னொரு வழி இருக்கிறது.
ஒலிக்கு ஒரு நகல் எடு.
இமைப்பொழுதில் பத்தில் ஒரு பங்கு அதைப் பிந்தவிடு.
இடப்பக்கம் கூட்டு. வலப்பக்கம் கழி.
பொய்தான்,
கணக்குச் சுத்தமான பொய்.

ஹெட்போனை மாட்டிவிட்டேன்.
தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார்,
பேருந்து நிலையத்தில் ஆள் தேடுகிறவரைப் போல.
அப்பா ஒரு பக்கம் நிற்கவில்லை, அம்மாவும் நிற்கவில்லை.
இருவருக்கும் நடுவே எங்கிருந்தோ
இடம் வந்திருந்தது.
நாடா முடிந்து வெகுநேரம் கழித்து
"வீடு பெருசாயிருச்சு" என்றார்.
பத்துக்குப் பத்து அறை, ஏழு பேர்.
நாற்பது வெள்ளியை எண்ணாமல் வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிறு, நினைவுப் பூசை முடிந்து
கோயில் மண்டபத்தில் போட்டார்கள்.
ஒரே ஒரு ஒலிபெருக்கி, நாற்காலி அடுக்குக்குப் பக்கத்தில்.
இடமும் வலமும் அதற்குள் கலக்க
கூட்டியதைக் கழித்தது தின்றது.
என் வேலையில் ஒரு துளி மிச்சமில்லை.
அதே தகரம், அதே மழை, அதே மாடு.

திங்கள் காலை மறுபடி படியேறினார்.
"நீ ஒண்ணுமே செய்யலையே தம்பி.
பழையபடி ஒரே எடத்துல நெருக்கிக்கிட்டுத்தானே பேசறாங்க?"
விளக்க வாயெடுத்தேன்.
கீழே ஆ லெக் காற்றடித்தான்.
அது அடங்குவதற்குள் எனக்கே அலுத்துவிட்டது.
இருபது வெள்ளியைத் திருப்பி நீட்டினேன்.

வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். போகவில்லை.
"அந்தப் பெரிய வீட்ட இன்னொரு தரம் போடு."

ஹெட்போனோடு பெஞ்சில் உட்கார்ந்தார்.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, காற்றாடிதான்.
மாடு செத்த இடம் வந்திருக்க வேண்டும்,
பெஞ்சில் வேறு யாருமில்லை,
சற்றே நகர்ந்துகொண்டார்.