ஊதா நூல்

ராணிப்பேட்டையில், தோல் காயும் கொட்டகையில்,
ஆயிரத்தில் ஒரு தோலுக்கு
ஊதா நூல் கட்டினேன்.
“கண்ணு படாம இருக்கவா மேடம்?” என்றார் கொட்டகைக்காரர்.
பட வேண்டும் என்றுதான், என்றேன்.

போன பருவத்தில் எட்டாயிரம் ஜோடி
கப்பலில் போக வேண்டியவை விமானத்தில் போயின.
லாபம் ஏறிப் பறந்ததை மீனம்பாக்கத்தில் யாரும் பார்க்கவில்லை.
ஆம்பூரில், எங்கள் போனஸில் பார்த்தோம்.

நூலின் பின்னால் நடந்தேன்.
அளவு போட ஐந்து நாள்.
லாரி நிறையட்டும் என்று இரண்டு நாள்,
பாதி வண்டிக்கு முழு வாடகை யார் கொடுப்பது?
பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் நான்கு நிமிடம்;
அதை மட்டும் எல்லோரும் திட்டினார்கள்.
குடோனில் பதினொரு நாள், கொக்கி வரவில்லை என்று.
வெட்ட ஆறு நிமிடம்.
வெட்டிய துண்டில் நூலை மாற்றிக் கட்டினேன்.
மறுபடி ஒரு கட்டுக்குள், குளோரியின் மேசையடியில்,
ஒன்பது நாள்.

நாற்பத்தொன்றாம் நாள் பெட்டிக்குள் போனது.
மனிதக் கை அதைத் தொட்ட நேரத்தைக் கூட்டினேன்:
மூன்று மணி பத்து நிமிடம்.
மீதியெல்லாம் உறக்கம்.

ஆற்றில் நீரைக் குறை, ஒளிந்த பாறை தெரியும்,
சரக்கும் அப்படித்தான் என்கிறது பாடப்புத்தகம்.
எழுதியவர் பாலாற்றைப் பார்த்ததில்லை.
இங்கே பாறையும் பாலித்தீனும்
பட்டப்பகலில் கிடக்கின்றன.
எல்லோருக்கும் தெரியும்.
சுற்றிப் போகப் பழகிவிட்டோம்.

எங்கள் பாறைக்குப் பெயரும் வைத்திருந்தார்கள்: குளோரி.
மின்னூர்க்காரி. தோலின் ஓரம் சீவும் ஒரே மெஷின் அவளுடையது.
“அவ கை மெதுவு” என்றார்கள் வெட்டுபவர்கள்,
தைப்பவர்கள்,
போன வருடம் வந்த ஆடிட்டர் கூட.

மூன்று நாள் கடிகாரத்தோடு பக்கத்தில் நின்றேன்.
துண்டுக்குப் பதினான்கு நொடி.
நான் செய்து பார்த்தேன்: முப்பத்திரண்டு,
அதிலும் இரண்டு கிழிந்தன.
கை மெதுவில்லை.
இருபத்தாறு கத்திகளின் அவசரம்
ஒரு மேசையில் வந்து கொட்டுகிறது,
ரயில்வே கேட் திறந்ததும்
கம்பெனி வேன்களெல்லாம் ஒரே சந்தில் மூக்கை நுழைப்பது போல.
வேறு மெஷின் நின்றால் அந்த மெஷின்தான் நிற்கும்.
இவள் டீ குடிக்கப் போனால்
கப்பலே கால் மணி நேரம் நிற்கும்.

செய்தது கொஞ்சம்தான்.
பிளேடுக்குச் சாணை, காலை வேன் வருமுன்பே.
கீறல் விழுந்த துண்டுகளை அவளிடம் போகுமுன் தள்ளினோம்,
சீவிய பிறகல்ல.
டீ நேரத்தில் அந்த இருக்கையில் ஹாஜிரா.
லாரி பாதியாக, வாரம் இருமுறை வந்தது.
வாடகை கூடியது. விமானத்தை விட மலிவு.
வெட்டுபவர்களிடம் சொன்னேன்:
அவள் மேசையில் இரண்டு தட்டு நிறைந்தால்
கத்தியைக் கீழே வையுங்கள்.

அதுதான் கஷ்டம்.
நான்காம் நாள் வாஜித் சார் வந்தபோது
தணிகாசலம் காலை நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.
“சம்பளம் கொடுத்து உட்கார வைக்கிறோமா?”
ஆமாம் சார், என்றேன். தொண்டை வறண்டது.
குவிப்பதற்கும் சம்பளம்தான் கொடுத்தோம்.

இரண்டாவது நூல் பத்தொன்பது நாளில் வந்து சேர்ந்தது,
கப்பலுக்கு மூன்று நாள் முன்னால்.

குளோரிக்கு வரைபடத்தைக் காட்டினேன்.
தன் மேசை இருந்த கட்டத்தில் விரலை வைத்தாள்.
எடுக்கவில்லை.
“ஏழு வருசமா என்னைத் திட்டினது இதுக்கா?”
பிறகு,
“அதுக்கும் ஒரு கணக்கு போடுவீங்களா மேடம்?”
என்னிடம் நிறையச் சூத்திரங்கள் உண்டு.

இடுக்கு இப்போது இடம் மாறிவிட்டது.
மாறும். படித்ததுதான்.
நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில் காதில் விழுந்தது:
“சோல் ஒட்டுற ஃபயாஸ் இருக்கானே, ரொம்ப மெதுவு.”
டப்பாவை மூடாமல் எழுந்து போனேன்.
ஊதா தீர்ந்திருந்தது.
டிராயரில் பச்சை இருந்தது.