இரண்டாவது கட்டம்

முப்பத்திரண்டு கட்டில். இரவுக்கு நான் ஒருத்தி.
பதிவேட்டில் மட்டும் கையெழுத்துக்கு
இரண்டு கட்டம்.
விதியை அச்சடித்தவர்கள்
இன்னொருத்தியையும் சேர்த்தே அச்சடித்துவிட்டார்கள்.

தோபெக்கா லண்டன் போய் எட்டு மாதம்.
அவள் ஸ்வெட்டர் இன்னும் ஆணியில்தான்.

மூன்று மணி. சாட்ஸ்வொர்த் மேட்டில் நாய்கூடக் குரைக்கவில்லை.
பதினான்கில் மூச்சு இழுக்க, ஓடினேன்.
'சிஸ்டர், ஒன்பதில் சொட்டு நின்னுபோச்சு!'
கத்தியவர் பத்தாம் கட்டில்,
லாரி ஓட்டிய ராஜ்பால் கோவெண்டர்;
குடல் தையல் பிரிக்காத வயிற்றைப் பிடித்தபடி
விடியும்வரை எனக்காக எண்ணிக்கொண்டிருந்தார்
சொட்டுகளை.

காலையில் இரண்டாம் கட்டத்தில்
அவர் பெயரை எழுதினேன்.

மேட்ரன் சிவப்பு மையில் அடித்தார்:
'நோயாளி பணியாளர் அல்லர்.'

சரிதான்.
வேறு பெயர் எதையும்
அவர் எழுதவில்லை.