விருப்பப்பாடம்

கணினி அறிவியலில் இடம் தீர்ந்த பிறகு
மிஞ்சிய பதினோரு பேருக்கு
மெய்யியல் ஓர் அறிமுகம்.
வாரம் நான்கு மணி நேரம், சாப்பாட்டுக்கு மேல்,
பல்லடம் தாண்டி, உடுமலை ரோட்டைப் பார்த்த அறை.
ஜன்னலுக்கு வெளியே ஐந்து காற்றாலைகள்.
நான்கு சுற்றும். ஒன்று எப்போதும் நிற்கும்.
அது மட்டும் ஏன் என்று முதல் வகுப்பில் கேட்டேன்.
"ஈபிக்காரங்களத்தான் கேக்கோணுங்க சார்" என்றான் கவினேஷ்.
காரண காரியம் அத்தோடு முடிந்தது.

மேசை உண்மையில் இருக்கிறதா என்ற வாரம்
பெஞ்சின் ஆடுகிற காலுக்கு
என் பாடத்திட்டத்தையே நாலாய் மடித்துச் செருகியபடி
ஒருத்தி சொன்னாள்:
"இல்லாட்டி ஆடுமுங்களா?"

புலன்களை நம்பலாமா என்ற வாரம்
சோமனூர்ச் சௌடேஸ்வரி எழுந்தாள்.
தறி ஓடினால் அப்பா அசந்து தூங்குவார்,
கரண்ட் போய்ச் சத்தம் நின்றால்தான்
திடுக்கிட்டு விழிப்பார் என்றாள்.
அது எந்த அலகில் வரும் என்று எனக்குத் தெரியவில்லை.
அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்றேன்.
சொல்லவில்லை.

பிறகுதான் அந்தக் கோழி வந்தது.

நேற்றுவரை நடந்தது நாளையும் நடக்குமா
என்பதற்குப் பாடநூல் தந்த கோழி.
கதவு திறந்தால் தீனி.
காலடி கேட்டால் தீனி.
மழையிலும் தீனி, அமாவாசையிலும் தீனி.
கணக்குப் போட்டுக் கோழி ஒரு விதி கண்டுபிடிக்கிறது.
விதி நன்றாக விளைந்த நாளில்
அதே கை கழுத்தைப் பிடிக்கிறது.
பலகையில் வரைந்து காட்டினேன்.
வாத்து மாதிரி வந்தது.
ஒருவரும் சிரிக்கவில்லை.

மூன்றாம் பெஞ்சு மோகனப்பிரியா,
வீட்டில் ஐயாயிரம் பிராய்லர், கம்பெனிக்கு வளர்ப்பு:

"தப்புங்க சார்.
லோடு ஏத்துறதுக்கு எட்டு மணி நேரம் முன்னாடியே
தீவனத்தட்டைத் தூக்கிக் கட்டிருவோம்.
தண்ணி மட்டும்தானுங்க.
வயிறு நெறைஞ்சிருந்தா வண்டில ஏத்த மாட்டாங்க.
அன்னிக்கு ராத்திரி பூரா நெம்பக் கத்தும்.
கோழிக்குத் தெரியுமுங்க சார்."

"என்ன தெரியும்?"

அவள் மேலே பார்த்தாள்,
தட்டு அங்கே தொங்குவது போல.
மணி அடித்துவிட்டது.

நான் கௌரவ விரிவுரையாளர்.
பதினோரு மாதம் வேலை, ஒரு மாதம் இல்லை,
ஜூனில் மறுபடி ஆணை.
ஆறு முறை வந்திருக்கிறது.
ஏழாவது ஜூன் போய் ஆவணியும் ஆயிற்று.
"வரும், நீங்க பாட்டுக்கு வகுப்பு எடுங்க"
என்கிறார் சூப்பிரண்டு.
சம்பளம் மூன்று மாதமாக இல்லை.
துறையறைக்குத் தண்ணீர்க் கேன் மட்டும்
தவறாமல் வருகிறது.

உள்தேர்வில் அதே கேள்வி, ஐந்து மதிப்பெண்.
விடைக்குறிப்பு நான் தயாரித்தது:
கோழி கடைசி நிமிடம்வரை நம்புகிறது.
மோகனப்பிரியா பச்சை மையில் எழுதியிருந்தாள்.
பச்சை மையில் எழுதக் கூடாது.

'கோழிக்கு ஏதோ தெரியும். என்னவென்று தெரியாது.
அதனால் தட்டு தொங்கிய இடத்துக்கு
நேர் கீழேயே போய் நிற்கும்.
வேறு எங்கே போய் நிற்பது என்றும் அதற்குத் தெரியாது.'

மூன்றரை போட்டேன்.
அடித்துவிட்டு ஐந்து போட்டேன்.
அடித்தல் இருந்தால் சுருக்கொப்பம் வேண்டும்.
வைத்தேன். பேனா அழுந்தி
பின்பக்கம்வரை பதிந்துவிட்டது.

மறுநாள் எனக்கு வகுப்பு இல்லை.
எட்டு இருபது பஸ்ஸில் ஏறிக் கல்லூரிக்குப் போனேன்.
அலுவலகம் பத்து மணிக்குத்தான் திறப்பார்கள்.