ரிசர்வ்

தென்பெண்ணைப் பாலம் தாண்டியதும்
வண்டி இரண்டு முறை இருமியது.
சீட்டுக்கு அடியில் கைவிட்டு
குமிழை ரிசர்வுக்குத் திருப்பினேன்.
பின்னால் உட்கார்ந்திருந்தவள்
ஒன்றும் சொல்லவில்லை.
அவளுடைய அண்ணன் வண்டி இது.

கடலூரில் பெட்ரோல் போடுகிறவன் ஏமாளி
என்பது பிலவேந்திரன் கட்சி.
"கன்னியக்கோயில் வரைக்கும் உருட்டிடுங்க மாப்ளே,
அந்தப் பக்கம் விலை கம்மி."
துலூசில் சொந்தமாய்ப் பல் ஆஸ்பத்திரி வைத்திருப்பவன்
பேசுகிற பேச்சா!

வருஷத்தில் முப்பது நாள் மட்டும் பட்டாளம்.
அதென்ன ரிசர்வ் ஆபீசர் என்று இவள் கேட்டதற்கு
இந்தக் குமிழைத்தான் தொட்டுக் காட்டினான்.
"பெரிய டாங்கி காலியானாத்தான்
என்னைத் திறப்பாங்க.
காலியாவாது, போ."

சேதி வந்த அன்று
எதிர்வீட்டு ஓவர்சியர் கேட்டார்,
மாலியா, மாலத்தீவா?
கடல் இல்லாத மாலி என்றேன்.
வீராம்பட்டினத்தில் முழங்காலுக்கு மேல்
அலைக்குள் இறங்காதவன் அவன்,
ஒருவேளை அது பிடித்திருக்கும்.

ஏதோ ஒரு ஊரில்
பிள்ளைகளுக்குப் பல் பார்த்துவிட்டுத்
திரும்புகிற வழி.
மண்ணுக்குள் என்னவோ இருந்ததாம்.
கான்சுலேட்டிலிருந்து வந்தவருக்கு
நல்ல தமிழ்.
'என்னவோ'வுக்கு மேல்தான் வரவில்லை.

இன்று நவம்பர் பதினொன்று.
கடற்கரைச் சாலையில் சாய்ந்து அடிக்கிற மழை.
மழைக்கோட்டின் மேல் மெடல்களைக் குத்திக்கொண்டு
வயதான சொல்தாக்கள் வரிசை கட்டி நின்றார்கள்.
ஒருவருக்குக் கால் நடுங்கியது,
நாற்காலி கொண்டுவந்த போலீஸ்காரரை முறைத்தார்.

அந்தக் கல்லில் பிலவேந்திரன் பெயர் இல்லை.
அது வேறு யுத்தத்தின் கல்,
எங்கள் தாத்தன்மார் காலத்திலேயே நிரம்பிவிட்டது.
பட்டியல் முடிந்தபின்
தாளின் ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்ததை
ஒருவர் கண்ணை இடுக்கி வாசித்தார்:
கப்பித்தேன் பெலவாந்திராம்.

யாரோ ஒருத்தரைச் சொல்வதுபோல் இருந்தது.
திருத்துவாளோ என்று பார்த்தேன்.
குடையை மடக்கினாள்.
மழை நிற்கவில்லை.
மடக்கிய குடையைப் பிடித்தபடி
நனைந்துகொண்டே நின்றாள்,
எக்காளம் ஓய்கிற வரைக்கும்.

இன்னொன்றும் உண்டு. யாரிடமும் சொன்னதில்லை.
வண்டிக்குப் பேசிய விலை பத்தாயிரம்.
எட்டுதான் கொடுத்தேன்.
ஆர்சி புத்தகத்தின் உறையில்
மீதி 2000 என்று
பென்சிலால் அவனே எழுதி வைத்தான்.
"அடுத்த லீவுல வாங்கிக்கிறேன்.
ஏமாத்திடாதீங்க."
அந்தக் கையெழுத்தை அழிக்கவும் முடியாது,
துலூசில் இருக்கிற அவன் மனைவிக்கு
இதை எந்தப் பாஷையில் அனுப்புவது?

திரும்பும்போது கன்னியக்கோயில் பங்க்.
பையன் குழாயைத் தூக்கிக்கொண்டு,
"எவ்வளவுக்கு சார்?"
"ரெண்டாயிரம்" என்றது என் வாய்.
சிரித்துவிட்டான்.
"இந்த டாங்கி கொள்ளாது சார்."
கொள்கிற அளவுக்குப் போடு என்றேன்.
அவள் என் தோளிலிருந்து கையை எடுத்து,
ஈரக் கைக்குட்டையால்
டாங்கி மூடியைச் சுற்றித் துடைத்தாள்.

மஞ்சக்குப்பம் வந்து வண்டியை நிறுத்தும்போதுதான்
பார்த்தேன்,
குமிழை நான் திருப்பவே இல்லை.