ஆயிரம் வரிசை

இலவசத் திட்டத்தில் ஆயிரம் வரிசைதான்.
நீடாமங்கலம் உழவர் கம்பெனியில்
உறுப்பினர் ஆயிரத்துப் பதினாலு.

அடுத்த திட்டம்
தலைக்கு மாதம் எண்ணூறு என்கிறது.
தலை என்றால் திறந்து பார்க்கிற தலை,
நாற்று விட்ட தலை இல்லை.
ஆறு பேர், பன்னிரண்டு மாதம்.
கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்தார் சகாயராணி.

வருஷத்துக்கும் சேர்த்துக் கட்டினால்
இரண்டு மாதம் மிச்சமாம்.
மேட்டூர் என்றைக்குத் திறக்கும் என்றே தெரியாமல்
வருஷத்தை முன்கூட்டி யார் வாங்குவது?

"செத்தவங்களைத் தூக்கிட்டா?" என்றான் யாசின்.
வடிகட்டியதில் பதினாறு பேர் வந்தார்கள்.
போதும். இரண்டு இடம் மிச்சம்கூட.

ஏழாவது பெயர் கொரடாச்சேரி தைலம்மை.
உளுந்துப் பாக்கி முந்நூற்று நாற்பது,
நாங்கள் தர வேண்டியது.

சுட்டி அங்கேயே நின்றது.
கீழே உரக்கடையில் ஷட்டர் இறங்கியது.

மூன்று பேருக்கு எடுத்தோம், மாதக் கணக்கில்.
ஒரு பெயருக்கு இரண்டு ஆள்,
மடைத் தண்ணீர் மாதிரி முறை வைத்து.
செவ்வாயும் வெள்ளியும்
நான் சகாயராணியாக நுழைகிறேன்.

தைலம்மை வரிசையில்
வாரிசு என்ற கட்டம்
இன்னும் காலி.