எழுநூற்றைம்பது வாட்ஸ்

யூனிட்டி பிளாசா இரண்டாம் மாடியில்
நஸ்மிர் ஒரு பவர் சப்ளையை ஓடவிட்டு
என் காதருகே பிடித்தான்:
"கேளுங்க மிஸ், சத்தமே இல்ல."
கேட்டது
காலி வீதி, நூறாம் நம்பர் பஸ்,
பக்கத்துக் கடையில் ஸ்பீக்கர் சோதனை.
அமைதியை எந்தக் கடையிலும்
போட்டுக் காட்ட ஏலாது.

கையில் வாங்கிப் பாரம் பார்த்தேன்.
பிரொன்ஸ் இருபத்தோராயிரம்.
கோல்ட் முப்பத்தெட்டு,
பாதிச் சுமைவரை விசிறி சுற்றவே சுற்றாதாம்.
"கேம் விளையாடவா?"
இல்லை.
யாரோ கட்டப்போகும் வீடுகளுக்கு
பகல் முழுக்க வெயில் பூசுகிற வேலை.

அவனிடம் சொல்லாதது:
வெள்ளவத்தையில் எங்களுக்கு ஒரே அறை,
நடுவில் ஒரு சேலை மறைப்பு.
துறைமுகத்தில் இரவெல்லாம் கிரேன் ஓட்டிவிட்டு
தயாபரன் ஏழரைக்குப் படுப்பான்.
எட்டுக்கு என் மெஷின் இரையத் தொடங்கும்.
மூன்று வருஷம், ஒரு சொல் இல்லை.
போன செவ்வாய் தலையணை உறை கழற்றினேன்,
உள்ளே இரண்டு பஞ்சுருண்டை
காதின் அச்சோடு.

கோல்டையே கட்டச் சொன்னேன்.
ஒரு சதமும் குறைக்கவில்லை நஸ்மிர்.

மறுநாள் பூட்டி முடித்து சுவிட்சைத் தட்ட,
மொனிட்டரில் ஒரு மாடிவீடு
மெல்ல மெல்ல விடிந்தது.
நானே குனிந்து பார்த்தேன்,
லைட் எரிகிறதா என்று.

மறைப்புக்கு அந்தப்பக்கம்
கட்டில் கிறீச்சிட்டது.
திடுக்கிட்டு எழும்பி இருந்தான் தயாபரன்.
"என்னப்பா, கரண்ட் போட்டுதே?"